மூன்று டைல் நாள்

இருபது கிலோ மூட்டையைப்
பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் இறக்கிவிட்டு
மோட்டாரில் பறந்துவிட்டான்.
உள்ளே டைல் ஒட்டும் பசைமாவு.
இந்த மாதம் என்னால் தூக்க முடிந்தது
ஒரு கிலோ, நல்ல நாளில் ஒன்றரை.
பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அள்ளி அள்ளி
வாசலிலிருந்து குளியலறைக்கு
இரண்டு நாளாய்க் குடியேற்றினேன்.

ஹார்ட்வேர் கடை லியோங் கேட்டிருந்தார்:
"ஆள் இருக்கா?
இந்தோன் ஆள், முன்னூறு வெள்ளி, ரெண்டே நாள்."
"ஆள் இருக்கு" என்றேன்.
"யாரு?"
சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தை மாதம் இந்தத் தரையில்தான் வழுக்கினேன்.
சோப்புத் தண்ணீரில் கிடந்தபடி
இருபது நிமிடம்.
இரவுக் காவலுக்குப் போன மாசிலாமணி
வருவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது
எவ்வளவு மோசமாகப் போட்டிருக்கிறான்
அந்தக் குத்தகைக்காரன்.

"விட்டுடேன், தீபாவளிக்குள்ள ஆள் வச்சிக்கலாம்."
"எந்தத் தீபாவளி?"

பகாவ் கிளினிக்கில்
சின்ன டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பாள்:
ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?
முதல் தடவை எட்டு என்றேன்.
அவள் முகம் வாடிப்போனது.
பாவம் என்று ஆறாகக் குறைத்தேன்.
அதிலிருந்து ஆறுதான்.
ஒன்பது வருடமாய் ஆறாத ஆறு.

இப்போது கேட்டால் சொல்வேன்:
நேற்று மூன்று டைல்.
திங்கட்கிழமை ஒன்றுகூட இல்லை,
பசையைக் கரைத்தேன், கட்டிலில் விழுந்தேன்,
எழுந்து வந்தபோது
கரண்டியோடு சேர்ந்து கல்லாகியிருந்தது.
புதன்கிழமை ஏழு.
அந்த ஏழுக்கு வட்டி
வியாழன், வெள்ளி, சனி.

மண்டியிட முடியாது.
பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து
மேலே கார் சீட்டுப் பஞ்சு,
இடக்காலை நீட்டி, பாதி சாய்ந்து.
யாராவது எட்டிப் பார்த்தால்
மாடு கறக்கிறேன் என்பார்கள்.

தோட்டத்தில் பதினாலு வருடம்
உதிரிப்பழம் பொறுக்கியபோது
குனிவதற்குக் கணக்கில்லை, சாக்குக்குத்தான் கணக்கு.
கிராணி சாக்கை எழுதினார்.
முதுகு தனி ஏட்டில்
தன்பாட்டுக்கு எழுதிவந்திருக்கிறது.

ஒவ்வொரு டைலுக்கும் ரசமட்டம் வைப்பேன்.
பச்சைத் தண்ணீருக்குள் அந்தக் குமிழி
நகர்ந்து, தயங்கி,
இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நிற்கும்.
அந்த அரை நொடி
இடுப்பு எங்கே இருக்கிறது என்று மறந்துபோகும்.
அதற்காகவே
தேவையில்லாமல் இன்னொரு தடவை வைப்பேன்.

குளியலறைத் தரை மட்டமாக இருக்கக் கூடாதாம்.
துவாரத்தைப் பார்த்துச் சரிய வேண்டுமாம்.
ஐந்தாவது வாரம் யூடியூபில் ஒருவன் சொன்னான்,
சிரித்துக்கொண்டே.
அதற்குள் பாதித் தரை
அழகான மட்டம்.

மிச்சத்தைச் சரித்துப் போட்டேன்.
ஒரு மஞ்சள் மாத்திரை, நான்கு டைல்.
ஒரு மழை நாள், ஒரு டைல்.
இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை,
கதவைச் சாத்தி வைத்தேன்,
பக்கத்து வீட்டில் வாளி இரவல்.

பதினோராம் வாரம்
முதல் வாளியை ஊற்றினோம்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
முக்கால்வாசி துவாரத்துக்குப் போனது.
மீதி, அந்தப் புதன்கிழமை மூலையில்
ஒரு சாப்பாட்டுத் தட்டளவு
போக மனமில்லாமல் நின்றது.

மாசிலாமணி காலை வைத்துப் பார்த்தார்.
"தண்ணி நிக்குது."
"தெரியும்."
"இத மட்டும் ஒடச்சிட்டு..."
"தெரியும்னு சொன்னேன்."

வெளியே செம்பனை லாரி ஒன்று போக
வீடு லேசாக அதிர்ந்தது.
தட்டளவு தண்ணீரில்
பல்பு வெளிச்சம் நடுங்கி அடங்கியது.

வெளக்குமாறு எங்க என்று கேட்டார்.
காட்டினேன்.
அவர் குனிந்து தள்ளத் தொடங்கினார்.
நான் டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.